கொப்பரைக்கு அடியில் நீல நெருப்பு

அந்த வருடம் கண்ணை மூடினால் எனக்கு நீல வளையங்கள்தான் தெரியும். எழுபதுகளின் பிற்பகுதி அது. சிட்னிக்கு இயற்கை எரிவாயு வந்துகொண்டிருந்தது. அதுவரை நகரத்து அடுப்புகளில் எரிந்தது ஆலையில் உண்டாக்கிய பழைய காஸ். புதியது எங்கோ பாலைவனத்துக்கு அடியிலிருந்து நெடுந்தூரம் குழாயில் ஓடி வந்தது. பழையதற்கென்று துளையிட்ட ஜெட்டில், காஸ் வெளிவரும் அந்தச் சின்ன மூக்கில், புதியதைக் கொளுத்தினால் சுடர் இரண்டு மடங்காக எழுந்து, நுனி மஞ்சளாகிக் கரி கக்கும். சில பர்னர்களில் சுடர் துளையை விட்டுக் கிளம்பி, அந்தரத்தில் ஒரு கணம் நின்று, அணைந்துபோகும். அதனால் தெருத் தெருவாகப் போய் ஒவ்வொரு வீட்டு அடுப்பிலும் ஜெட்டைக் கழற்றிப் புதியதை மாட்டவேண்டியிருந்தது. அந்த வேலைக்குச் சேர்த்த ஆட்களில் நானும் ஒருவன்.

இலங்கையில் நான் இயந்திரவியலில் டிப்ளோமா எடுத்திருந்தேன். இங்கே அந்தப் பத்திரத்தைப் பார்த்தவர்கள் மரியாதையோடு திருப்பித் தந்தார்கள். காஸ் வேலைக்குப் பத்திரம் கேட்கவில்லை. இரண்டு கிழமை, பதினாலு நாள், பயிற்சி கொடுத்தார்கள். அதில் பாதி நேரம் சுடரைப் பார்ப்பதுதான். நல்ல சுடருக்குள் ஒரு சின்ன நீலக் கூம்பு இருக்கும், அதன் ஓரம் கூர்மையாக இருக்கும். காற்றுக் குறைந்தால் கூம்பு மங்கிப்போகும். கூடினால் சீறும். ஒரு நாளைக்கு ஐந்தாறு வீட்டுக் குசினிகளில் குனிந்து நின்று அதையே பார்த்துவிட்டு, மெரிலேண்ட்ஸில் நாங்கள் வாடகைக்கு இருந்த பின்கட்டு அறைக்கு வந்து படுத்தால், இமைக்குள்ளே வளையம் வளையமாக நீலம் மிதக்கும்.

என் மனைவி அப்போதுதான் ஊரிலிருந்து வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

"என்ன யோசிக்கிறியள்?" என்று கேட்பாள்.

"ஒண்டுமில்லை. நெருப்பு."

"பகல் முழுக்கப் பாத்தது காணாதே?"

அவளுக்கு அந்த நாட்கள் நீளமானவை. நான் காலையில் கம்பெனி வான் வண்டியில் ஏறிப் போனால் பின்னேரம்தான் வருவேன். கடைக்குப் போனால் விரலால் காட்டித்தான் சாமான் வாங்குவாள். எழுத்தில் இருந்த ஆங்கிலம் அவளுக்கு விளங்கும். வாயில் வந்த ஆங்கிலம் விளங்காது. அதிலும் இந்த ஊர்க்காரர் பேசுவது ஒரே நீளச் சொல் மாதிரிக் கேட்குது என்று சொல்லுவாள்.

எங்கள் தெருவிலிருந்து மூன்றாவது தெருவின் முறை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. நடுவில் ஒரு வீடு. வெளிர்பச்சைப் பலகைச் சுவர், முன்னால் இரண்டு எலுமிச்சை மரம். கதவைத் திறந்தவர் அறுபது வயது மதிக்கத்தக்க உயரமான பெண். தோளில் ஒரு துவாய். அடுப்பையும் சுடுதண்ணி இயந்திரத்தையும் காட்டினார். இரண்டையும் முடித்தேன். என் பட்டியலில் மூன்றாவதாக ஒன்று இருந்தது. பின்வளவுக் கொட்டிலில் துணி அவிக்கும் செப்புக் கொப்பரை, பாவனையில் இல்லை, குழாயை அடைத்துவிடவும் என்று எழுதியிருந்தது.

அந்தக் காலத்துப் பழைய வீடுகளில் இப்படிக் கொப்பரைகள் இருந்தன. அடியில் ஒரு காஸ் வளையம், மேலே அண்டா மாதிரி ஒரு செம்பு. துணி துவைக்கும் இயந்திரம் வந்த பிறகு எல்லோரும் அதில் பூச்செடிக்குப் பசளை போட்டு வைத்திருந்தார்கள். நான் முடுக்குச் சாவியும் குழாய் மூடியும் எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன். தகரக் கூரையில் பழைய ஆணித் துளைகள் இருந்தன. அதன் வழியே வெயில் கம்பி கம்பியாக இறங்கிக்கொண்டிருந்தது. கொட்டில் முழுக்க அவித்த தானியத்தின் வாசம். அதோடு ஏதோ கசப்பான இலையின் வாசம். கொப்பரையின் பக்கத்தில் கையை வைத்தேன். இளஞ்சூடு.

திரும்பிப் பார்த்தால் அந்த அம்மா வாசலில் நின்றார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"காலையில்தான் அணைத்தேன்" என்றார்.

"பாவனையில் இல்லை என்றுதானே எழுதியிருக்கிறது?"

"என் கணவர்தான் அப்படிச் சொன்னார். பழசு என்று சொல்லி வெட்டிவிடுவீர்கள் என்று அவருக்குப் பயம். பாவனையில் இல்லை என்றால் தொடாமல் விட்டுவிடுவீர்கள் என்று நினைத்தார். துணி அவிப்பதில்லை. பியர் காய்ச்சுகிறார்."

வீட்டில் பியர் காய்ச்சுவதற்குச் சட்டம் இடம் கொடுத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆகவே அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. அவர் ஒளித்தது நெருப்பைத்தான்.

கணவர் எங்கே என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில், ஏழு கிழமையாக என்றார். காஸ் கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு ஆள் வந்து பட்டியல் எழுதிப் போன மறுகிழமை, எலுமிச்சை மரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைத்துவிட்டது. வலது பக்கம் வேலை செய்யவில்லை. பேச்சு முழுவதுமாகப் போய்விட்டது. இன்னும் சில கிழமையில் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

"வந்தவுடன் அவர் கையில் கொடுக்க ஒரு போத்தல் இருக்கவேண்டும் என்று நானே தொடங்கினேன். எனக்குப் பியர் பிடிக்காது. மூன்று முறை காய்ச்சினேன். மூன்று முறையும் அடி பிடித்துவிட்டது."

ஒரு பழைய கொப்பியைக் காட்டினார். கணவர் எழுதியது. சிறிய, நேரான எழுத்து. எத்தனை றாத்தல் பார்லி, எத்தனை கலன் தண்ணீர் என்பதெல்லாம் ஒரு வரியில் முடிந்திருந்தது. மீதிப் பக்கம் முழுக்க நெருப்பைப் பற்றி. காஸ் திறக்கும் திருகில் ஆணியால் ஐந்து கீறல் போட்டு வைத்திருந்தார். மூன்றாம் கீறலில் இருபது நிமிடம், பிறகு முதல் கீறலுக்கும் கீழே, பார்லி மணி உயரத்துக்கு, காற்று வடக்கிலிருந்து அடித்தால் மயிரளவு கூட்டு. இப்படியே போனது. வாசிக்க வாசிக்க நான் வேலைக்கு வந்ததை மறந்துபோனேன்.

ஆனால் அந்தக் கொப்பி பழைய காஸின் கொப்பி. அன்று பகல் தெருவுக்குப் புதியது வந்துவிட்டது. இனி மூன்றாம் கீறல் மூன்றாம் கீறலாக இருக்கப்போவதில்லை. அதை அவருக்குச் சொன்னேன். சொல்லிவிட்டுக் குழாயை அடைத்தேன். அது என் வேலை. அவர் தோளில் கிடந்த துவாயை எடுத்து நான்காக மடித்தார், பிறகு விரித்தார், திரும்ப மடித்தார்.

மறுநாள் என் மேற்பார்வையாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். அதிகம் பேசாத மெலிந்த மனிதர். எப்போதும் ஒரு தீக்குச்சியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்.

"அந்த வளையத்துக்கு நம்மிடம் பாகம் கிடையாது" என்றார்.

"நான் செய்து பார்க்கலாமா?"

"உன் சொந்த நேரத்தில் கொண்டு வா. சோதனை மேசையில் ஒரு மணி நேரம் சுத்தமாக எரிந்தால் கையெழுத்துப் போடுகிறேன். எரியாவிட்டால் பழைய இரும்புக்குப் போடு."

வளையத்தைக் கழற்றிக் கொண்டுபோய்ச் சரிசெய்ய இரண்டு பின்னேரம் பிடித்தது. முதலில் மாட்டிய ஜெட்டில் சுடர் சோம்பேறித்தனமாக மஞ்சளடித்தது. அதைவிடச் சின்னதை மாட்டினேன். நீலம் வந்தது, ஆனால் வளையத்தை விட்டு எழும்பி நடுங்கியது. புதிய காஸ் மெதுவாக எரியும், துளையிலிருந்து வெளியே வரும் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. ஆகவே வளையத்தின் துளைகளை ஒவ்வொன்றாகப் பெருப்பித்தேன். நாற்பத்தெட்டுத் துளை. கடைசித் துளையை முடித்துக் கொளுத்தியபோது சுடர்கள் வளையத்தில் உட்கார்ந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் கூர்மையான கூம்பு. மேற்பார்வையாளர் தீக்குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். ஒரு மணி நேரமும் பார்த்துக்கொண்டே இருந்தார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை வளையத்தை மாட்டப் புறப்பட்டபோது மனைவியையும் கூப்பிட்டேன்.

"சாராயம் காய்ச்சிற வீட்டுக்கோ?"

"சாராயம் இல்லை, பியர். இஞ்ச எல்லாரும் காய்ச்சலாம்."

"உங்கட அம்மா அறிஞ்சா என்னைத்தான் பேசுவா. அங்க வந்து நான் என்ன செய்யிறது? எனக்கு அவையின்ர கதை விளங்காது."

"நானும் மிஷின் வேலைதான் செய்யப்போறன். நீர் சும்மா வந்து இரும். வீட்டுக்குள்ளயே எத்தினை நாளைக்கு இருக்கப்போறீர்?"

அவள் சீலையை மாற்றிக்கொண்டு வந்தாள்.

அன்று நாங்கள் காய்ச்சியது வெறும் தண்ணீர். கொப்பரையை நிரப்பி, ஒவ்வொரு கீறலிலும் திருகை வைத்து, சூடு ஏற எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று பார்த்தோம். பழைய மூன்றாம் கீறலில் கொப்பரை கொந்தளித்தது. முதல் கீறல்தான் இப்போது மூன்றாம் கீறலின் வேலையைச் செய்தது. அதற்குக் கீழே திருகுக்கு இடமே இல்லை. ஆகவே வேறொரு திருகு மாட்டினேன், மெல்லத் திறப்பது. புதிய அடையாளம் போட என்ன இருக்கிறது என்று தேடியபோது, அந்த அம்மா உள்ளே போய் நகப்பூச்சுப் போத்தலைக் கொண்டுவந்தார். சிவப்புப் பூச்சு. கலியாணம் ஒன்றுக்கு வாங்கியது, பிறகு தொடவில்லை என்றார். அந்தச் சிவப்பில் ஐந்து புள்ளி வைத்தோம்.

மனைவி குசினி மணிக்கூட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெட்டியின்மேல் இருந்தாள். நான் பாரன்ஹைட் வெப்பமானியில் பார்த்துச் சொல்லும் சூட்டைக் கொப்பியில் எழுதினாள். கொஞ்ச நேரத்தில் நான் சொல்வதற்கு முன்னமே எழுதத் தொடங்கினாள்.

"எப்பிடித் தெரியும்?"

"சத்தம் மாறுது" என்றாள். "நூற்று நாற்பது வரைக்கும் ஒரு சத்தம். அதுக்குப் பிறகு வேற."

எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை உண்மையாகவே காய்ச்சினோம். முளைகட்டி உலர்த்திய பார்லியை நொறுக்கி, பருத்திப் பையில் கட்டிக் கொப்பரைக்குள் இறக்கவேண்டும். தண்ணீர் நூற்றைம்பது பாரன்ஹைட்டில் ஒரு மணி நேரம் அப்படியே நிற்கவேண்டும். ஏறினால் இனிப்பு உண்டாகாது, இறங்கினாலும் உண்டாகாது. அதற்குத்தான் பார்லி மணி உயர நெருப்பு. பிறகு பையைத் தூக்கிவிட்டு, அந்த இனிப்புத் தண்ணீரைப் பெரிய நெருப்பில் ஒன்றரை மணி நேரம் கொதிக்கவிடவேண்டும். அதில் ஹொப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டதும் நுரை பொங்கி எழும். அந்த இடத்தில்தான் அந்த அம்மா மூன்று முறையும் பயந்து நெருப்பை அணைத்திருக்கிறார். திரும்பக் கொளுத்தியபோது அடி பிடித்திருக்கிறது.

மனைவி பெரிய மரத்துடுப்பால் துழாவினாள். இடது உள்ளங்கை கொப்பரையின் விலாவைத் தொடுவதும் எடுப்பதுமாக இருந்தது. நான் திருகில்.

"கொஞ்சம் குறையுங்கோ. இன்னும். காணும், காணும்."

போதும் என்பதற்கு எங்கள் ஊரில் காணும் என்போம். அன்று அந்தச் சொல்லை அவள் ஐம்பது தரமாவது சொல்லியிருப்பாள். ஹொப்ஸ் போட்டபோது நுரை எழும்புவதற்கு ஒரு நொடி முன்னமே "குறையுங்கோ" என்றாள். நுரை கொப்பரையின் விளிம்பு வரை வந்து, அங்கேயே நின்று, மூச்சு விடுவது போல மெல்ல இறங்கியது. ஆவி கொட்டிலை நிறைத்தது. ஆணித் துளை வெயில்கள் ஆவிக்குள் வெள்ளைத் தடிகளாக நின்றன. வெளியே துணிக்கொடியில் யாருடைய படுக்கை விரிப்புகளோ அசைந்தன. சில்வண்டுகளின் இரைச்சலும் நெருப்பின் இரைச்சலும் ஒன்றாகிவிட்டன. நான் எங்கே நிற்கிறேன், எந்த வேலையை விட்டு எந்த நாட்டுக்கு வந்தேன் என்பதெல்லாம் சில நிமிடம் என்னிடம் இல்லை. மூன்று பேர் ஒரு நீல வளையத்தைச் சுற்றி நின்றோம். அவ்வளவுதான்.

அந்த முறை அடி பிடிக்கவில்லை.

கணவர் வீட்டுக்கு வந்தது அதற்கு மூன்றாவது கிழமை. போத்தலில் அடைத்த பியர் அப்போது இன்னும் பதமாகவில்லை. அகன்ற தோள், வெள்ளைப் புருவம், வலது கை மடியில் கிடந்தது. ஏதாவது சொல்ல வாயைத் திறப்பார். தொண்டைக்குள் ஏதோ புரளும். பிறகு வாயை மூடிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார். சனிக்கிழமை அவரைச் சக்கரக் கதிரையில் கொட்டில் வாசலுக்குள், கொப்பரைக்குக் கிட்டக் கொண்டுவந்தோம். புதிய திருகைப் பார்த்தார். சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தார். நெருப்பைக் கொளுத்தியபோது அதையே வெகுநேரம் பார்த்தார். பழைய காஸின் சுடரை அவர் முப்பது வருடம் பார்த்தவர். இது வேறு சுடர். அவர் முகத்தில் நான் கண்டது கோபம் என்று நினைத்தேன்.

ஹொப்ஸ் போடும் நேரம் வந்தது. நான் பூவைக் கொட்டத் திரும்பினேன். அவர் இடது காலை ஊன்றிக் கதிரையிலிருந்து எழுந்து, கொப்பரையின் மறுபுறம் எட்டி, இடது கையால் திருகைப் பிடித்தார். நெருப்பு ஒரே பாய்ச்சலில் முழுதாக எழுந்தது. நுரை பொங்கிக் கொப்பரையைச் சுற்றிலும் வழிந்தது. அடியில் ஒரு சீறல், பிறகு ஒரு சத்தமும் இல்லை. நெருப்பு அணைந்துவிட்டது. காஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது.

கதவுக்குப் பின்னால், காஸ் குழாயில் இருந்த பெரிய திருகைப் பூட்டியது என் மனைவி. பூட்டிய கையோடு அவரின் கதிரையைப் பிடித்து, அவரை அதில் இருத்தி, வெளியே இழுத்தாள். "வெளியால வாங்கோ, எல்லாரும் வெளியால வாங்கோ" என்று தமிழில்தான் சொன்னாள். எல்லோரும் வந்தோம்.

அந்த அம்மா புல்லில் நின்று அழுதார். இந்தக் கொப்பரையைத் திங்கட்கிழமையே தூக்கி எறியப்போகிறேன் என்றார். கணவர் தன் இடது கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்து வீட்டுக்குப் போகும் வழியில் நான் சொன்னேன், "பாவம், மனிசனுக்குக் கோவம். தன்ர நெருப்பை ஆரோ மாத்திப்போட்டினம் எண்டு."

மனைவி நின்றுவிட்டாள்.

"இல்லை. அவர் கூட்ட நினைக்கேல்லை. குறைக்கத்தான் கையை வைச்சவர். நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

"முழுசாத் திறந்தாரே?"

"கை வழுக்கினது. உங்கட திருகு அந்தப் பக்கம். அவருக்கு இடக்கை மட்டும்தான். அதுவும் எட்டிப் பிடிக்கவேணும். நுரை வரப்போகுது எண்டு உங்களுக்கு முன்னம் அவருக்குத் தெரிஞ்சது."

"நீர் எப்பிடி இதெல்லாம் பாத்தீர்?"

"நீங்கள் எல்லாரும் கதைக்கிறியள். நான் கையைத்தானே பாக்கிறன்."

நாற்பத்தெட்டுத் துளையையும் அளந்து பார்த்தவனுக்கு, திருகு எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்று தோன்றவில்லை.

அடுத்த இரண்டு கிழமையும் மேற்பார்வையாளரின் மேசையில் அதைச் சரிசெய்யவே போனது. கழித்துப் போட்ட சுடுதண்ணி இயந்திரம் ஒன்றிலிருந்து பாதுகாப்பு வால்வை எடுத்தேன். நெருப்புச் சூடு இருக்கும்வரைதான் அது காஸைத் திறந்து வைத்திருக்கும். நெருப்பு அணைந்தால் சில நொடியில் தானாகவே பூட்டிக்கொள்ளும். திருகை இடது பக்கத்துக்கு மாற்றி, அதில் ஒரு முழ நீளக் கைபிடி வைத்தேன். கதிரையில் இருந்தபடியே முழங்கையை மடியில் ஊன்றிக்கொண்டு, அதை ஒரு விரலளவு அசைக்கலாம். விரலளவு அசைத்தால் நெருப்பு மயிரளவு மாறும். மேற்பார்வையாளர் அதை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தார்.

"இது யாருடைய யோசனை?" என்று கேட்டார்.

"என் மனைவியுடையது."

"அவரையும் வேலைக்கு அனுப்பு" என்றார். அவர் பகிடி விட்டு நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

அந்த அம்மாவைச் சம்மதிக்க வைக்க நாங்கள் ஒன்றும் பேசவில்லை. கொட்டிலில் எல்லாம் மாட்டி, வேண்டுமென்றே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி நெருப்பை அணைத்துக் காட்டினேன். வால்வு டக்கென்று பூட்டிய சத்தம் கேட்டது. அவர் மூன்று முறை அணைத்துக் காட்டச் சொன்னார். பிறகு போய்ப் பார்லி மூட்டையைக் கொண்டுவந்தார்.

அன்றிலிருந்து கைபிடி கணவருடையது. எதிர்ப்புறம் என் மனைவி துடுப்போடு. அவருக்கு வார்த்தை போய்விட்டது, அவளுக்கு வார்த்தை இன்னும் வரவில்லை. அந்தக் கொட்டிலுக்குள் அது இரண்டு பேருக்கும் குறையாக இருக்கவில்லை. அவள் "இன்னும் கொஞ்சம்" என்பாள், அவர் கைபிடியை நகர்த்துவார். சில வேளை அவர் நகர்த்திய பிறகுதான் அவள் சொல்லுவாள். சில வேளை அவள் சொன்னதை ஏற்காமல் புருவத்தை உயர்த்தி, காதைக் கொப்பரைப் பக்கம் சாய்ப்பார். அவளும் சாய்ப்பாள். பெரும்பாலும் அவர்தான் சரியாக இருந்தார். அவர் சரி என்று தெரிந்ததும் அவள் தலையை ஆட்டி "ஓம், ஓம்" என்பாள். அந்த அம்மாவும் நானும் பின்படியில் இருந்தபடி தேநீர் குடிப்போம். எங்கள் இருவருக்கும்தான் அங்கே பேச்சு தேவைப்பட்டது.

கோடை முடிந்து வெயில் சாயத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை. பார்லி மணி உயர நெருப்பு. கொட்டிலில் ஆவியும் அரை வெளிச்சமும். மனைவி கையைக் கொப்பரையில் வைத்தபடி, "கூட்டுங்கோ, கொஞ்சம், கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் நகர்த்திக்கொண்டே வந்து நிறுத்தினார். அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"காணும்" என்றார் அவர்.

கரகரத்த குரல். ஆனால் தெளிவாக இருந்தது. என் மனைவி துடுப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

பின்படியில் இருந்த அந்த அம்மா எழுந்து வந்தார். "அவர் ஏதோ சொன்னாரே. என்ன சொன்னார்?"

"போதும் என்று சொன்னார்" என்றேன். "எங்கள் மொழியில்."

அந்த அம்மா கணவரின் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டார். திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். கணவருக்கு உடனே வரவில்லை. முகம் சிவந்து வேர்த்தது. என் மனைவி ஒன்றும் நடக்காதது போலத் திரும்பத் துழாவத் தொடங்கினாள். "குறையுங்கோ" என்றாள். அவர் குறைத்தார். "இன்னும்." குறைத்தார். "இன்னும்."

"காணும்."

அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முழுப் பேச்சு அவருக்குத் திரும்பவே இல்லை. நாற்பது ஐம்பது சொல் வந்தன. மனைவியின் பெயர், தண்ணீர், வேண்டாம், நாய், மழை. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் ஒரு நாள் அந்த அம்மாவிடம், இவர் தட்டில் உணவு வைக்கும்போதெல்லாம் ஏதோ ஒரு சொல் சொல்கிறார், அது எந்த மொழி என்று கேட்டாளாம். அதைச் சொல்லி அந்த அம்மா எங்கள் வாசலில் நின்று வெகுநேரம் சிரித்தார். என் மனைவி அவருக்கு என்ன பதில் சொன்னாள் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஏனென்றால் அது அவள் முதன்முதலாக என்னைப் பார்க்காமல் சொன்ன ஆங்கில வாக்கியம். "அவர் நல்ல மாணவர், ஆனால் பிடிவாதம்" என்றாள்.

முதல் போத்தலைத் திறந்த நாளில் அவர் தானே ஊற்றினார். இடது கையால் கிளாஸைச் சாய்த்து, நுரை அளவாக வரும்படி. எனக்கு அது பிடித்தது, ஆனால் ஒரு கிளாஸுக்கு மேல் குடிக்கவில்லை. மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"கைக்குது" என்றாள். "இதுக்கே இவ்வளவு கஷ்டப்பட்டனாங்கள்?"

நான் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை. அவர் தோள் குலுங்கச் சிரித்தார்.

அடுத்த கோடைக்குள் எங்கள் பகுதியில் அடுப்புகள் எல்லாம் மாறி முடிந்தன. ஆட்களைக் குறைத்தார்கள். மெல்பேர்னில் அடுப்புச் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பர்னர் சோதிக்கும் வேலை இருக்கிறது என்று மேற்பார்வையாளர் சொன்னார். தானே ஒரு கடிதமும் எழுதித் தந்தார். ஸ்பிரிங்வேலில் வீடு பார்த்தோம்.

புறப்படுவதற்கு முந்திய சனிக்கிழமையும் கொட்டிலுக்குப் போனோம். அன்று எனக்குச் செய்ய ஒரு வேலையும் இருக்கவில்லை. அவர் கைபிடியில் இருந்தார். பெண்கள் இருவரும் எலுமிச்சை மரத்தடியில் அவரைக்காய் நார் உரித்தார்கள். அவள் சொன்ன ஏதோ ஒன்றுக்கு அந்த அம்மா "இல்லை, இல்லை, அப்படியல்ல" என்று மறுத்துக்கொண்டிருந்தார். நான் பெட்டிமேல் இருந்தபடி நெருப்பின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படியே தூங்கிவிட்டேன். கனவில் வளையம் எதுவும் வரவில்லை. விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் ஒற்றைக் கையால் குழாயைப் பிடித்துக் கொப்பரையைக் கழுவிக்கொண்டிருந்தார். என்மேல் யாரோ ஒரு துவாயைப் போர்த்தியிருந்தார்கள்.

எங்களுக்கு ஆறு போத்தல் தந்தார்கள். உடையாமல் இருக்க மனைவி ஒவ்வொன்றையும் தன் சீலைகளில் சுற்றிக் காரின் பின்னால் வைத்தாள். கடும் வெயில். கோல்பர்ன் தாண்டி ஒரு மணி நேரம் போயிருப்போம், பின்னால் துவக்கு வெடித்த சத்தம் மாதிரி ஒன்று கேட்டது. ஓரத்தில் நிறுத்திப் பார்த்தோம். ஒரு போத்தல் வெடித்து, அவளின் மாம்பழ நிறப் பட்டுச்சீலை நனைந்து கிடந்தது. கார் முழுக்கப் பார்லி வாசம்.

அவள் சீலையை உதறிக் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினாள்.

"இனி இதை எப்பிடிக் கோயிலுக்கு உடுக்கிறது?"

"மெல்பேர்னில கோயிலே இல்லையே."

"வரும்தானே" என்றாள். சீலையைப் பிழிந்து, பின்கண்ணாடியை இறக்கி, ஒரு முனையைக் கதவிடுக்கில் வைத்துப் பூட்டினாள். மறுமுனையைக் காற்றில் விட்டாள். நான் காரை எடுத்தேன்.